குஞ்சலத்தின் பின்னாலேயே வந்த நாற்றம்

ஒரு காட்டில், யாரும் அவசரமாகப் போகாத ஒரு மூலையில், முயல்கள் மேயும் புல்வெளி ஒன்று இருந்தது. அதற்குக் காவல் ஒரு நாய். காவல் என்றதும் தடித்த கழுத்தும் பெரிய உடம்புமாக நினைத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளே. அது முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. உடம்பெல்லாம் நீள முடி. நின்றால் கால் தெரியாது. படுத்தால் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று தெரியாது. அதன் பெயர் குஞ்சலம்.

தினமும் காலையில் குஞ்சலம் பாறைமேல் ஏறி மூக்கைத் தூக்கும். காற்றில் காட்டுப்பூனையின் வாடை இல்லை என்றால் ஒருதரம் குரைக்கும். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் முயல்கள் வளையைவிட்டு வெளியே வரும். குஞ்சலம் வருவதற்கு முன்னால் அந்தக் காட்டுப்பூனை முயல்களை இஷ்டத்துக்குப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. குஞ்சலம் வந்த பிறகு ஒரு முயல்கூடப் போகவில்லை. அதனால் முயல்கள் பாறைக்கு அடியில் காய்ந்த இடமாகப் பார்த்து அதற்கு வீடு கொடுத்திருந்தன.

குஞ்சலத்துக்கு முடி வெட்டுவது ஓடை நண்டு. அந்தக் காட்டில் கத்தரிக்கோல் வைத்திருந்தது அது மட்டும்தான். கண்ணை மறைக்கும் முடி, பாதத்துக்கு இடையில் வளரும் முடி, வாலுக்கு அடியில் தொங்கும் முடி எல்லாவற்றையும் ஒட்ட நறுக்கிவிடும். கோடையில் ஓடை வற்றத் தொடங்கியதும் நண்டு சேற்றுக்குள் போய்விடும். பிறகு மழை பெய்தால்தான் வெளியே வரும்.

இந்த முறை சேற்றுக்குள் போவதற்கு முன் அது முடி வெட்ட வந்தபோது, குஞ்சலம் வாலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"பின்பக்கம் மட்டும் வேண்டாம். அங்கதான் எனக்கு அழகே. நீளமா தொங்கட்டும்."

"அழகு பாக்குற இடமா அது?" என்றது நண்டு. "மழை வர்ற வரைக்கும் நான் வர மாட்டேன். யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சு."

வெட்டச் சொன்ன இடத்தை மட்டும் வெட்டிவிட்டு நண்டு சேற்றுக்குள் போய்விட்டது.

அது மாம்பழக் காலம். கீழே விழுந்து அழுகிக் கிடந்த பழங்களைக் குஞ்சலம் ஆசை தீரத் தின்றது. வயிறு இளகிவிட்டது. நீள முடி, இளகிய வயிறு, வெட்டாத பின்பக்கம். என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குஞ்சலத்துக்கு மட்டும்தான் தெரியவில்லை. முடியில் ஒட்டியது அங்கேயே காய்ந்தது. அதன்மேல் மறுபடி ஒட்டியது. வெளியே பார்த்தால் பட்டுப்போல் முடி தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் குஞ்சலம் பாறைமேல் ஏறி வடக்கே பார்த்து மூக்கைத் தூக்கியது. உடனே முகத்தைச் சுளித்தது.

"மொச்சை அக்கா, யாரும் வெளிய வராதீங்க. தெற்குப் பக்கத்துல இருந்து ஏதோ நாத்தம் வருது."

மொச்சை என்பது முயல்களுக்கெல்லாம் மூத்த முயல். பயந்த சுபாவம். வளைக்குள் இருந்தே, "தெற்குல என்ன இருக்கு?" என்று கேட்டது.

பார்த்துச் சொல்வதற்காகக் குஞ்சலம் தெற்கே திரும்பியது. இப்போது நாற்றம் வடக்கிலிருந்து வந்தது.

"இல்லக்கா, வடக்குல இருக்கு."

வடக்கே திரும்பியது. நாற்றம் தெற்குக்குப் போய்விட்டது. கிழக்கே திரும்பினால் மேற்கிலிருந்து வந்தது. குஞ்சலம் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வந்து தலை கிறுகிறுத்து உட்கார்ந்தது.

"அக்கா, எனக்கே புரியல. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குப் பின்னாலயே நிக்குது."

"உருவம் தெரியுதா?"

"உருவமே இல்ல. நாத்தம் மட்டும்தான்."

முயல்களுக்கு வெலவெலத்துப்போயிற்று. உருவம் இல்லாத மிருகம் ஒன்று குஞ்சலத்தைத் தொடர்ந்து வருகிறது என்று வளைக்கு வளை செய்தி போனது. அதற்குக் கொம்பு உண்டு என்றது ஒரு முயல். கொம்பு இல்லை, நாலு வால் என்றது இன்னொன்று. உருவமே இல்லாததற்குக் கொம்பும் வாலும் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை. அன்று முழுக்க முயல்கள் வெளியே வரவில்லை. குட்டிகள் பசியில் அழுதன.

முயல்களுக்கு மூக்கு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நன்றாகவே வேலை செய்யும். குஞ்சலம் பக்கத்தில் வந்தால் நாற்றம் கூடுகிறது, தள்ளிப் போனால் குறைகிறது என்று அவற்றுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் வாடை பிடிப்பதில் நாய்க்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று எல்லாம் வாயை மூடிக்கொண்டன. எனக்கு எரிச்சலாக வருவது இந்த இடத்தில்தான்.

மறுநாள் ஒரு முள்ளம்பன்றி அந்தப் பக்கமாகப் போனது. குஞ்சலம் ஓடிப்போய் அதை மறித்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க குளிச்சு எவ்வளவு நாளாச்சு?"

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் விறைத்துக்கொண்டது. "என்னைப் பாத்தா கேக்குற?"

"இல்ல, இங்க ஒரு நாத்தம்..."

"நீ வந்த பிறகுதான் எனக்கும் அடிக்குது" என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி நடையைக் கட்டியது.

குஞ்சலம் அதை நினைத்து நினைத்துப் பார்த்தது. "பாத்தீங்களா அக்கா, அது என் பின்னாலேயே வருதுன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றது. மொச்சையும் ஆமாம் என்று தலையாட்டியது.

மரத்தின்மேல் இருந்த மயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலேயே யோசனை சொல்வது மயிலின் குணம்.

"நாத்தத்தை வாசனையாலதான் விரட்டணும். மகிழம்பூ நிறைய உதிர்ந்து கிடக்கு. போய் அதுல புரண்டுட்டு வா."

குஞ்சலம் போய்ப் புரண்டது. திரும்பி வந்தபோது மகிழம்பூ வாசனையும் அடித்தது, பழைய நாற்றமும் அடித்தது. இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று அடித்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் மயில் வேறு மரத்துக்குப் போய்விட்டது.

இதற்குள் குஞ்சலத்துக்குப் பின்பக்கம் அரிக்கத் தொடங்கியது. உட்கார்ந்தபடியே புல்வெளியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தேய்த்துக்கொண்டே போனது. தேய்த்த இடமெல்லாம் நாற்றம். முயல்கள் மேயும் புல்லிலும் நாற்றம் ஏறிவிட்டது.

"அக்கா, அது இப்ப புல்வெளிக்குள்ளயே வந்துடுச்சு" என்றது குஞ்சலம். பாவம், அது பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்துபோயிருந்தது.

எத்தனை நாள்தான் பசியோடு இருக்க முடியும்? காராமணி என்ற குட்டி முயல், குஞ்சலம் குரைக்கும்வரை காத்திராமல் வெளியே வந்து புல்லைக் கடித்தது. காட்டுப்பூனை எங்கிருந்தோ பாய்ந்தது. காராமணி வளைக்குள் விழுந்தடித்துப் போனதால் பிழைத்தது. அதன் வாலில் இருந்த வெள்ளை முடி மட்டும் பூனையின் வாயோடு போயிற்று.

அந்த நேரத்தில் குஞ்சலம் பாறைமேல் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நின்றது. பூனையின் வாடை அதற்குத் துளிகூட எட்டவில்லை.

காட்டுப்பூனைக்கு நடந்தது என்ன என்று விளங்கிவிட்டது. நாயின் மூக்கு இப்போது அதன் சொந்த நாற்றத்தைத் தாண்டாது. அப்படியென்றால் இனி தூரத்தில் ஒளிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பாறைக்குப் பக்கத்திலேயே இருந்த உண்ணிச்செடிப் புதருக்குள் அது மெல்ல நுழைந்து படுத்துக்கொண்டது.

மொச்சை வளையைவிட்டு வந்து குஞ்சலத்தின் எதிரில் நின்றது. அதன் காது இரண்டும் தொங்கிப்போயிருந்தன.

"தம்பி, உன்னைப் போகச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா இருக்கிற வாடையை இல்லைங்கற, இல்லாத மிருகத்தை இருக்குங்கற. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த நாத்தம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடி. முடியலன்னா நீ வேற இடம் பாத்துக்க."

குஞ்சலத்துக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பாறையைவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டே ஓடைப்பக்கம் போனது. மொச்சையும் கூடவே போனது. நாற்றமும் போனது.

ஓடை ஓரத்தில் குஞ்சலம் திடுக்கிட்டு நின்றது. "அக்கா, பின்னால ஏதோ வருது. சத்தம் கேக்குது."

மொச்சை நடுங்கியபடி திரும்பிப் பார்த்தது. வந்தது ஒரு சாணிவண்டு. தரையோடு தரையாக ஊர்ந்து, மூச்சு வாங்க வந்து நின்றது.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. காலையில இருந்து உங்க பின்னாலயே அலையறேன். அதை எனக்குக் கொடுத்துடுவீங்களா?"

"எதை?" என்றது குஞ்சலம்.

"உங்களுக்கு வேணும்னா வேண்டாம். இவ்வளவு நாளா பத்திரமா வச்சிருக்கீங்களே, ஏதாவது காரணம் இருக்கும்னுதான் கேக்கத் தயங்கினேன்."

"எதைப்பா வச்சிருக்கேன்?"

சாணிவண்டு குழம்பிப்போய் மொச்சையைப் பார்த்தது. இவ்வளவு பெரிய சொத்தைச் சுமந்துகொண்டு இல்லை என்கிறாரே என்று அதற்கு ஆச்சரியம். "வாலுக்கு அடியில இருக்கே, அதைத்தான்" என்றது.

மொச்சை போய்க் குஞ்சலத்தின் வாலைத் தூக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு உடனே விட்டுவிட்டது.

"தம்பி, மிருகத்தைக் கண்டுபிடிச்சாச்சு" என்றது.

குஞ்சலத்துக்கு அப்போதும் புரியவில்லை. வளைந்து நெளிந்து தன் பின்பக்கத்துக்கு மூக்கைக் கொண்டுபோனது. போன மூக்கு அங்கேயே நின்றுவிட்டது. வெட்கத்தில் அது முன்காலுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"நண்டும் இல்ல. மழை வர்ற வரைக்கும் நான் இப்படியே இருக்கணுமா?"

"ஏன் இருக்கணும்? பல்லு எனக்கும் இருக்கு" என்றது மொச்சை.

ஓடையில் ஒரு குழியில் மட்டும் தண்ணீர் வற்றாமல் வெயிலில் வெதுவெதுப்பாகக் கிடந்தது. மொச்சை குஞ்சலத்தை அதில் உட்கார வைத்தது. காய்ந்ததைப் பிடித்து இழுத்தால் தோலோடு வரும், அதனால் ஊறட்டும் என்று விட்டது. ஊறியதும் கழுவச் சொன்னது. கழுவியும் போகாத முடிச்சுகளை, மூச்சை அடக்கிக்கொண்டு, முன்பல்லால் நறுக்கி எடுத்தது. வாலுக்கு அடியில் தொங்கிய அழகு அத்தனையும் போயிற்று. பிறகு குஞ்சலத்தைச் சூடான பாறையில் உட்கார வைத்து, பின்பக்கம் நன்றாகக் காயும்வரை எழுந்திருக்க விடவில்லை. ஈரத்தோடு போனால் புண்ணாகிவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. நறுக்கி எறிந்ததையெல்லாம் சாணிவண்டு உருட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனது.

வெயில் சாயும் நேரத்தில் இரண்டும் புல்வெளிக்குத் திரும்பின. வளையிலிருந்து முயல்கள் எட்டிப் பார்த்தன. மொச்சை வந்ததைக் கண்டதும் குட்டிகள் பசி தாங்காமல் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிட்டன. காராமணி உண்ணிச்செடிப் புதர் ஓரமாகப் போய் ஒரு இளம்புல்லை எட்டியது.

குஞ்சலம் பாறைமேல் ஏறி மூக்கைத் தூக்கியது. மாம்பழ வாசனை வந்தது. ஓடைச் சேற்று வாசனை வந்தது. இத்தனை நாளும் இதெல்லாம் எங்கே போயிருந்தது என்று அது மலைத்து நின்றது. அப்போது இன்னொரு வாடையும் வந்தது. அது கைக்கெட்டும் தூரத்திலிருந்து வந்தது.

"அக்கா, பூனை. புதர்ல."

"ஆரம்பிச்சுட்டான்யா மறுபடி" என்று ஒரு கிழட்டு முயல் முணுமுணுத்துவிட்டு மேய்ந்தது. மற்றவையும் நகரவில்லை. இத்தனை நாள் சொன்னது ஒன்றுமே நடக்காதபோது இன்றைக்கு மட்டும் யார் நம்புவார்கள்?

மொச்சை ஒரு கணம் குஞ்சலத்தைப் பார்த்தது. பயந்த முயல்தான். ஆனால் அந்தப் பின்பக்கத்தைச் சுத்தம் செய்தது அதுவேதான். இனி அந்த மூக்கு ஏமாறக் காரணம் இல்லை என்று அதற்கு நிச்சயமாகத் தெரியும். பின்காலால் தரையை ஓங்கி உதைத்தது. மூத்த முயல் உதைத்தால் காரணம் கேட்கும் வழக்கம் முயல்களுக்கு இல்லை. எல்லாம் வளைக்குள் பாய்ந்தன. காட்டுப்பூனை புதரிலிருந்து பாய்ந்து வந்து வெறும் புல்லின்மேல் விழுந்தது.

குஞ்சலம் தொண்டை கிழியக் குரைத்தது. இனி இங்கே பதுங்க முடியாது என்று பூனைக்குப் புரிந்துவிட்டது. நாயை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நடந்து போய்விட்டது.

காராமணி வளையைவிட்டு வந்து குஞ்சலத்தின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அதன் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். குஞ்சலத்துக்கு மறுபடியும் அழுகை வந்தது.

அன்றிலிருந்து குஞ்சலம் காலையில் எழுந்ததும் மூக்கைத் தூக்குவதில்லை. முதலில் மொச்சைக்கு முன்னால் போய் வாலைத் தூக்கி நிற்கும். மொச்சை பார்த்துவிட்டு, "சரி, போ" என்று சொன்ன பிறகுதான் பாறைமேல் ஏறும். மயில் மட்டும் மரத்திலிருந்து தினமும் இதைப் பார்த்து, இது என்ன சடங்கோ, எந்தச் சாமிக்கோ என்று புரியாமல் தவித்துக்கொண்டிருந்தது.

நீதி: எந்தப் பக்கம் திரும்பினாலும் நாற்றம் அடித்தால், ஊரைச் சந்தேகிக்கும் முன் உன் வாலைத் தூக்கிப் பார்.