காற்றைத் தின்றவன் தொப்பை

தவத்துக்கு எத்தனை படிகள் என்பதில் சாத்திரங்கள் ஒத்துப்போவதில்லை. கூத்துக்காரர்கள் ஒத்துப்போகிறார்கள். முதலில் சோற்றை விட வேண்டும். பிறகு கிழங்கை, பிறகு சருகை, பிறகு தண்ணீரை. கடைசிப் படியில் காற்று மட்டுமே ஆகாரம்.

ஆலஞ்சேரியில் பங்குனித் திருவிழாவுக்குத் தபசு மரம் நடுவார்கள். உயரமான பனை, அதில் ஏறுவதற்குக் கட்டைகள் அடித்திருக்கும். தவம் செய்யும் அரசனாக வேஷம் கட்டியவன், திறந்த மார்போடு, ஒவ்வொரு கட்டையிலும் நின்று பாடியபடி ஏறுவான். பாட்டுக்கு ஒரு ஆகாரத்தைத் துறப்பான். உச்சியில் நின்று கூடையிலிருந்து எலுமிச்சம்பழங்களைக் கீழே எறிவான். பிள்ளை இல்லாத பெண்கள் மரத்தடியில் மடியேந்திக் காத்திருப்பார்கள்.

கன்னியப்பன் பல வருஷங்களாக அந்த வேஷத்தைக் கட்டிவந்தான். சோற்றைத் துறக்கும் பாட்டை அவன் பாடினால், பந்தியில் உட்கார்ந்திருப்பவனும் ஒரு கணம் கையை எடுப்பான் என்பார்கள். ஒரு கணம்தான்.

அந்த வருஷம் அவன் உச்சிக்குப் போய், கையை வானத்துக்கு நீட்டி, "இனி எனக்குக் காற்றே ஆகாரம்" என்று இழுத்துப் பாடி நிறுத்தினான். கூட்டத்தில் சத்தமே இல்லை.

"காத்தைத் தின்னே இம்மாந் தொப்பையா?" என்று கீழே இருந்து ஒரு குரல் வந்தது. வறுத்த வேர்க்கடலையை ‘மல்லாட்டை’ என்று கூவி விற்கும் ஆண்டாளம்மாள். "எங்க வூட்டு எருமைக்கும் அந்தக் காத்தைக் கொஞ்சம் அனுப்பு சாமி!"

ஊர் சிரித்தது. மத்தளக்காரன் சிரித்ததில் ஒரு அடி தப்பியது.

கன்னியப்பன் அவளைப் பார்க்கக் குனிந்தான். தொப்பை மறைத்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்துக் குறிவைத்து, கூடையிலிருந்த பழம் ஒன்றை முழு பலத்தோடு எறிந்தான். பழம் ஆண்டாளம்மாளின் காதைத் தாண்டிப் போய், ஓரமாக நின்ற தெய்வானை என்ற பெண்ணின் மடியில் விழுந்தது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அடுத்த பங்குனிக்கு இந்தத் தொப்பையோட இந்த மரத்துல கால் வெச்சா, நான் கூத்தாடிக்குப் பொறந்தவன் இல்ல!" என்று உச்சியிலிருந்து கத்தினான் கன்னியப்பன்.

வரம் கேட்க வேண்டிய இடத்தில் சபதம் போட்ட அரசன் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

சபதம் ஊருக்குப் பிடித்துவிட்டது. தொப்பை போகாவிட்டால் வேஷம் இன்னொரு கூத்துக்காரனான ஏழுமலைக்கு என்று பேசி முடித்தார்கள். ஏழுமலைக்கு மூங்கில் போல உடம்பு. குரலும் மூங்கில்தான், துளை போடாத மூங்கில்.

*

அந்தக் கூத்துக் குழுவுக்கு, அதாவது ஜமாவுக்கு, வாத்தியார் தணிகாசலம். கன்னியப்பனைவிட வயதில் இளையவர். இருவரும் தணிகாசலத்தின் அப்பாவிடம் ஒன்றாகப் பாடம் கேட்டவர்கள். அவர் போன பிறகு அவருடைய ஜோடி வெண்கலத் தாளம் மகன் கைக்கு வந்தது. அதிலிருந்து இருவருக்கும் இடையில் ஒரு வழக்கம். தாளம் கையில் இருந்தால் தணிகாசலம் குரு. "டா" போட்டுத்தான் பேசுவார். கீழே வைத்துவிட்டால் தம்பி, "அண்ணே" என்பார். இரண்டும் ஒருநாளும் கலந்ததில்லை.

அவர் பொறுமைசாலி அல்ல. குருமார்கள் பொறுமைசாலிகள் என்பது அவர்களிடம் பாடம் கேட்காதவர்கள் கிளப்பிய வதந்தி.

ஒரு காலையில் அவர் கன்னியப்பனைத் தேடிப் போனபோது, அவன் களத்துமேட்டில் மல்லாந்து படுத்து, எழுந்து, மறுபடி படுத்துக்கொண்டிருந்தான். வயிறு முழுக்கக் கொள்ளுப்பொடி. நடுநடுவே நிறுத்தி, முஷ்டியால் தொப்பையைக் குத்தினான்.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"தொப்பையைக் குறைக்கிறேன்."

"ஒதைக்கிற மாதிரி இருக்கே?"

"ஒதைச்சுத்தான் குறைக்கிறேன். காலையில இது. மத்தியானம் சுடுமணல் ஒத்தடம். சாயங்காலம் ஈரத்துணியை இறுக்கிக் கட்டிடுவேன். நாய் மாதிரி காலைச் சுத்திக்கிட்டே இருக்கு வாத்தியாரே. போக மாட்டேங்குது."

"ராத்திரிக்கு?"

"களிதான்."

"எத்தனை உருண்டை?"

"இவ்வளவு பாடுபட்டவனுக்குப் பசிக்காதா?"

"திருடுனது வாய். ஒதை வாங்குறது வயிறா?"

"வாயைப் பார்த்து எவளும் சிரிக்கலையே!" என்று கன்னியப்பன் எழுந்து உட்கார்ந்தான். "எனக்கு வேற எதுவும் வேணாம். இந்த மொகம் இப்படியே இருக்கணும். தோள் இப்படியே இருக்கணும். ராஜா மொகம், ராஜா தோள். இது மட்டும் போகணும். இது ஒண்ணு மட்டும். அதுக்கு வழி இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா வழியை விடுங்க."

தணிகாசலத்தின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். கையைப் பார்த்தார். தாளம் இல்லை.

"வீட்டுக்கு வாங்க அண்ணே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

வீடு வரை விடுவிடுவென்று முன்னால் நடந்தார். வாசலில் அவனை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார். தாளத்தோடு வெளியே வந்தார்.

"வாடா முட்டாள்" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது.

உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு குதிர். விளிம்புவரை நெல்.

"இதுல அடி நெல்லை மட்டும் எடுடா. மேல் நெல் அசையக் கூடாது."

"இது என்ன பெரிய வித்தை?" கன்னியப்பன் குனிந்து, குதிரின் அடியில் துளையை அடைத்திருந்த வைக்கோல் சுருணையைப் பிடுங்கினான். நெல் கொட்டியது. ஒரு கூடை நிறைந்ததும் துளையை அடைத்தான். "எடுத்துட்டேன்."

"ஏறிப் பார்."

உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தான். விளிம்புவரை இருந்த நெல், மேலே நடுவில் பள்ளம் விழுந்து இறங்கியிருந்தது.

"கீழதானே எடுத்தேன்?"

"அடியைத் தட்டிப் பார்."

தட்டினான். 'தொம்' என்றது. அடி நிறைந்தபடியே இருந்தது.

கன்னியப்பனுக்குக் கோபம் வந்தது. சுருணையைப் பிடுங்கி எறிந்தான். துளைக்குள் கையை விட்டு வாரினான். தரையெல்லாம் நெல். ஏறிப் பார்த்தான், பள்ளம் பெரிதாகியிருந்தது. இறங்கித் தட்டினான், 'தொம்'. காலால் உதைத்தான்; 'தொம்'.

"இந்த அடி எப்பதான் காலியாகும்?"

"கடைசியா."

அவன் யோசித்தான். யோசித்துவிட்டு, "வெளிப்பக்கம் கொள்ளுப்பொடி தேய்ச்சா?" என்று கேட்டான்.

வாத்தியார் இரண்டு தாளத்தையும் அவன் காதருகே கொண்டுபோய் ஓங்கித் தட்டினார்.

"சிந்தின நெல்லை அள்ளுடா."

*

அவனுக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. கோபம் குறையவில்லை. ஆனால் அன்றுமுதல் அது ஓரிடத்தில் நிற்காமல் பரவியது. களியின் மேல் கோபம். பாதித் தட்டில் எழுந்தான். ஜமாவின் மாட்டுவண்டி மேல் கோபம்; ஊர் ஊராக வண்டிக்குப் பின்னால் நடந்தான். வரப்பில் உட்காருவது பிடிக்கவில்லை, மண்வெட்டியை எடுத்தான். கல்யாண வீட்டு லட்டுகளை அவன் முறைத்த முறைப்பில் பரிமாறுகிறவன் பயந்து ஒதுங்கினான். தொப்பையைத் திட்டக்கூட நேரம் இல்லாமல் போயிற்று.

உடம்பு கேட்கத் தொடங்கியது. அதன் இஷ்டப்படி கேட்டது.

தை மாசத்தில் கன்னம் ஒட்டியது. மாசியில் தோள் வற்றியது. எதிரில் வந்தவர்கள், "காமாலையா கன்னியப்பா?" என்று விசாரித்தார்கள். ஒத்திகையில் அவன் இடப்பக்கம் திரும்பினான். தலை திரும்பியது, கிரீடம் திரும்பவில்லை. வேஷத்துக்குத் தோளில் கட்டிய மரக்கட்டைகள் முழங்கைக்கு இறங்கின.

தொப்பை கொஞ்சம் இளைத்திருந்தது. சொன்னால் தெரியும். சொல்லாவிட்டால் தெரியாது.

அவன் கிரீடத்தைக் கழற்றித் தரையில் வீசினான்.

"இது என்ன நியாயம்? போகச் சொன்னது போகல. இருக்கச் சொன்னது எல்லாம் போகுது!"

வாத்தியார் தாளத்தை நிறுத்தாமலே, "மேல் நெல்" என்றார்.

*

பங்குனி வந்தது. மரம் நட்டார்கள். பொழுது சாய்வதற்கு முன் கூட்டம் கூடிவிட்டது.

வேஷக் கொட்டகையில் ஏழுமலை பாதி அரிதாரத்தோடு உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். உயரம் என்றால் அவனுக்கு ஆகாது. அதை இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. கன்னியப்பன் ஒரு மூலையில் தூணைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பழக்கூடை.

வெளியே ஆண்டாளம்மாளின் குரல் கேட்டது. "இந்த வருசம் யாரு ஏறுறது? காத்தா, மூங்கிலா? சீக்கிரம் சொல்லுங்க, மல்லாட்டை ஆறுது!"

கன்னியப்பனின் தாடை இறுகியது.

வாத்தியார் தாளத்தைக் கீழே வைத்தார்.

"அண்ணே, எழுந்திருங்க."

"இந்தத் தொப்பையோட ஏற மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"அதைக் கொட்டகையில கழட்டி வெச்சுட்டு ஏற முடியுமா? ஏறினா மொத்த ஆளும் ஏறணும். உட்கார்ந்தா மொத்த ஆளும் உட்காரணும்."

"உட்கார்ந்துட்டேன்."

"அந்தப் பாட்டு?"

கன்னியப்பனின் உதடு சோற்றைத் துறக்கும் பாட்டின் முதல் அடியில் அசைந்து நின்றது. அது தனக்கே தெரியாதவன் போல உதட்டைக் கடித்துக்கொண்டான்.

கொட்டகை வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை.

"சாமி, என்னைத் தெரியாது உங்களுக்கு. தெய்வானை. போன வருசம் நீங்க எறிஞ்ச பழம்" என்று குழந்தையைக் காட்டினாள். "எத்தனை பேரு நின்னாங்க. என்னைப் பார்த்து எறிஞ்சீங்களே."

அவன் மறுப்பதற்குள் குழந்தையை அவன் மடியில் கிடத்திக் கும்பிட்டாள். குழந்தை அவன் வயிற்றில் ஓங்கி ஓர் உதை விட்டது.

"இதுவுமா" என்றான் கன்னியப்பன்.

அவள் சிரித்துக்கொண்டே குழந்தையை எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரம் அவன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று வாத்தியார் பக்கம் திரும்பினான்.

"நான் இவளுக்கு எறியல."

"தெரியும். யாரு மண்டைக்கு எறிஞ்சீங்கன்னும் தெரியும்."

"கோபத்துல எறிஞ்சேன். வரம் குடுக்கற நெனப்பே இல்ல."

"ம்."

"அந்தப் பொம்பளைக்குக் குறி வெச்சேன், இவ மடியில விழுந்துது. தொப்பைக்குக் குறி வெச்சேன், கன்னத்துல விழுந்துது." அவன் எழுந்து நின்றுவிட்டான். குரல் கொட்டகையைத் தாண்டிப் போனது. வெளியே பேச்சு அடங்கியது. "குறி வெச்ச எடத்துல எனக்கு எதுதான் விழுந்துது? சொல்லுங்க வாத்தியாரே! ஒரு தடவையாவது விழுந்துதா?"

தணிகாசலம் தாளத்தைத் தேடி எடுத்தார்.

"சபதம் எங்கே விழுந்துதுன்னு போய்ப் பார்த்தியாடா?"

"என்ன?"

"அதுவும் அன்னைக்கு உச்சியிலேர்ந்து நீ கோபத்துல எறிஞ்சதுதானே? அது மட்டும் குறி வெச்ச எடத்துல விழுந்திருக்குமா?"

கன்னியப்பன் பழக்கூடையைப் பார்த்தான். தூணைப் பார்த்தான். பிறகு குனிந்து கிரீடத்தை எடுத்து, உள்ளே துணியைத் திணித்துத் தலையில் வைத்தான். ஏழுமலை யாரும் சொல்லாமலே முகத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

"காத்துதான் ஏறுதாம்டீ!" என்று வெளியே ஆண்டாளம்மாள் கூவினாள். "எருமையைக் கூட்டியாங்க!"

கன்னியப்பன் நின்றான். கூடைக்குள் கையை விட்டுத் துழாவினான். இருப்பதிலேயே பெரிதான, பழுக்காத, கல் போன்ற காய் ஒன்றைத் தேர்ந்து மேலாக வைத்துக்கொண்டான்.

வாத்தியார் அதைப் பார்த்தார்.

"ஏறுடா" என்றார். "கண்ணை மூடிக்கிட்டு எறி."