ஐயா விட்ட வரி

வைத்தியர் அம்பலவாணரின் பாடசாலையில் சட்டம் ஒன்றுதான். கேள்வி கேட்டவர் அந்த நிமிஷமே வெளியேற வேண்டும்.

அன்று அவர் லேகியம் ஒன்றின் செய்முறையைச் சொல்ல, இருபது சீடர்கள் ஓலையில் எழுதினார்கள். மருந்து இடிக்க வந்து, கெஞ்சிக் கூத்தாடிப் பாடத்திலும் இடம்பிடித்த மாடத்தியின் எழுத்தாணி மட்டும் நின்றது. லேகியத்தில் சேரும் சேங்கொட்டை விஷம்; நஞ்சை நீக்கி, சுத்தி செய்துதான் சேர்க்க வேண்டும். அந்த வரியை ஐயா மறந்துவிட்டார். லேகியத்துக்காக வாசலில் ஒரு நோயாளி காத்திருந்தான்.

மாடத்தி எழுந்தாள். "கேள்வி இல்லீங்க ஐயா. எனக்குப் புரிஞ்சதை ஒப்பிக்கிறேன், தப்புன்னா திட்டுங்க. சேங்கொட்டையைச் சுத்தி செய்யாம அப்படியே இடிச்சு, வாசல்ல இருக்கிறவருக்குக் கொடுக்கணும்."

"அறிவு கெட்டவளே! குடல் வெந்து செத்துப்போவான்!"

அதட்டியவர் சட்டென்று நின்றார். முன்வரிசைக்காரனின் ஓலையை வாங்கிப் படித்தார். பிறகு அடுத்தவனுடையதை. இருபதிலும் அந்த வரி இல்லை.

"ஏன்டா, ஒருத்தன்கூடச் சொல்லல?"



"ஐயா," என்றாள் மாடத்தி, தரையைப் பார்த்தபடி. "இப்ப நீங்க கேட்டது கேள்விங்க."

வைத்தியர் எழுந்து, தான் போட்ட சட்டப்படியே வெளியே நடந்தார். வாசலில் காத்திருந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தவர் தன் பலகையில் உட்காரவில்லை. சீடர்களின் வரிசையில் கடைசியாக உட்கார்ந்தார்.

"மறுபடி ஒப்பிம்மா," என்றார். "நான் விட்டதையும் சேர்த்து."