கடைசி ஆளின் குரல்

“யாரோ ஒருத்தர் குரல் கொடுக்காம ரிப்பனை அவிழ்த்திருக்கார்” என்றாள் பூவிழி.

சிறுமலை அடிவாரத்து டீக்கடை முன்னால், ஓடி முடித்து வந்தவர்கள் வேர்வையோடு நின்றார்கள். இருதயராஜ் மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. அவனைத் தேடி, பாதை பிரிகிற முதல் இடம் வரை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள். மேலே பனி மூடிக்கொண்டிருந்தது.

ஞாயிறுதோறும் அவர்கள் மலையேறி ஓடினார்கள். பந்தயமில்லை, பரிசுமில்லை, ஓடுகிற ஆசைதான். ஒற்றையடிப் பாதை பிரிகிற இடத்திலெல்லாம் பூவிழி முன்னால் போய்ச் சிவப்பு ரிப்பன் கட்டுவாள். கடைசியாக இறங்குகிற ஆள் அதை அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். அவிழ்க்கும் முன் உச்சியைப் பார்த்து, ‘நான்தான் கடைசி, மேலே யாராவது இருக்கீங்களா’ என்று கத்த வேண்டும். பதில் வராவிட்டால்தான் ரிப்பனில் கை வைக்கலாம்.

அந்த ரிப்பன்கள் கோதண்டத்தின் இடுப்புப் பையில் சுருண்டு கிடந்தன.

மூட்டை தூக்கி, பேரம் பேசி, சண்டை போட்டு வெங்காய மண்டிக்கு முதலாளியானவன் கோதண்டம். தன்னைவிட வெகு இளையவளான பூவிழியை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். ஓட வந்த முதல் நாள் மலையிறங்கும்போது காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டே இறங்கினான். அந்தச் சிரிப்பு அப்புறம் வரவில்லை. வேகம் கூடுது, சந்தோஷம் குறையுது, எங்கே தப்பு, சொல்லுங்க என்று இன்று காலைகூட அவளிடம் மல்லுக்கு நின்றான். இறங்கி வந்த பிறகு பேசலாம் என்று சொல்லியிருந்தாள்.

இறங்கும்போது அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து நீவிக்கொண்டிருந்தவனை ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். அவனுக்கு வயிறு எரிந்தது. எழுந்தபோது எல்லாரும் போய்விட்டார்கள் என்று அவனே முடிவு கட்டினான். உச்சிப் பாறையில் சும்மா உட்கார்ந்து மேகம் பார்க்கவும் ஒருத்தன் இருப்பான் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. நான்தான் கடைசி என்று மலைக்கே கேட்கும்படி இந்த வாயால் கத்துவதா? வெடுக் வெடுக்கென்று அவிழ்த்துப் பையில் திணித்தான். அடிவாரத் தார்ச்சாலையில் விழுந்தடித்து ஓடி, நாலைந்து பேரை முந்தி, நடுவில் ஒருத்தனாக வந்து நின்றுகொண்டான்.

வனத்துறைக்குப் போன் போடலாம் என்றார் ஒருவர்.

“போடுங்க. அவங்க வர்ற வரைக்கும் பனி காத்திருக்காது” என்றாள் பூவிழி. “மேல் பிரிவுல இடது பக்கம் போனா பாறை விளிம்பு. யாராவது ஏறி, மறுபடி கட்டி, ஒவ்வொரு பிரிவுலயும் குரல் கொடுக்கணும்.”

“நான் போறேன்” என்றான் கோதண்டம்.

“ரிப்பன்?”

“பார்த்துக்கிறேன், மாஸ்டர்.”

அவள் அவனுடைய இடுப்புப் பையை ஒரு முறை பார்த்தாள்.

முதல் பிரிவில் ரிப்பனை மறுபடி கட்டினான். மண்டியில் ஏலம் கூவிப் பழகியவனுக்கு, ‘நான்தான் கடைசி’ என்பது மட்டும் முனகலாகத்தான் வந்தது. மறுபடி கத்தினான். பதில் இல்லை. அடுத்த பிரிவிலும் இல்லை. மேல் பிரிவுக்குப் போனபோது பனியில் தன் கால் தனக்கே தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினான்.

இடது பக்கத்திலிருந்து குரல் வந்தது. “மாப்ள, நீயா? அசையாம நிக்கிறேன்டா. முன்னால தரையே தெரியல.”

“திரும்பு. என் சத்தத்தைப் பிடிச்சு வா.”

நிறுத்தாமல் கத்தினான். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு கை வந்தது, பிறகு இருதயராஜ் வந்தான்.

இறங்கும்போது இருதயராஜ் சேற்றில் வழுக்கி, உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் போனான். பின்னால் வந்த கோதண்டமும் அதே இடத்தில் அப்படியே போனான். எழுந்து பார்த்து இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கால்கள் தாமாக ஓடின. கல்லுக்குக் கல் தாவி, வேரைத் தாண்டி, ஈரக் காற்று முகத்தில் அடிக்க ஓடினார்கள். முந்துவதற்கு இடம் இருந்தும் கோதண்டம் முந்தவில்லை. பிரிவுக்குப் பிரிவு நின்று, நான்தான் கடைசி என்று கத்திவிட்டு ரிப்பனை அவிழ்த்தான்.

காலையில் இதை அவிழ்த்தது எந்தப் படுபாவி என்று நடுவில் கேட்டான் இருதயராஜ். எவனோ என்றான் கோதண்டம். கையில் கிடைத்தால் தோலை உரிக்கணும் என்றும் சேர்த்துக்கொண்டான்.

கீழே இருதயராஜைப் பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். கோதண்டம் பூவிழியிடம் ரிப்பன்களை நீட்டினான்.

“மாஸ்டர், வந்துச்சு. முதல் நாள் வந்த அதே சிரிப்பு. இது தங்கணும்னா நான் என்ன செய்யணும்?”

அவள் ரிப்பன்களை ஒவ்வொன்றாக நீவி மடித்தாள்.

“அதை அப்புறம் பேசலாம். குரல் கொடுக்காம அவிழ்த்தாரே ஒருத்தர், அவர் இருதயராஜ் அண்ணன்கிட்ட இன்னும் வாயைத் திறக்கல. போய்ச் சொல்லச் சொல்லுங்கண்ணே, அந்த டீ ஆறுறதுக்குள்ள.”