நரி பார்த்துக் கொடுத்த துப்பாக்கி

ஊசிப்பாறைக் காட்டில் ஒரு சுனை. சுனைக்கு மேற்கே ஈச்சம்புதர். அந்தப் புதருக்குள் பவளம் என்ற வான்கோழி பதினொரு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலே நாள். அதற்குள் குஞ்சு பொரித்துவிடும். பிறகு எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடலாம். அதுவரைக்கும் எது வந்தாலும் எழுந்து ஓட முடியாது.

ஓடவேண்டிய அவசியமும் அந்தக் காட்டில் யாருக்கும் பெரிதாக வந்ததில்லை. அதற்குக் காரணம் ஒண்டிமுத்துவின் துப்பாக்கி.

ஒண்டிமுத்து மலையடிவாரத்து வேட்டைக்காரன். அவனுடைய துப்பாக்கி அப்பன் காலத்தையும் தாண்டிய பழசு. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். அவன் குத்தி முடிப்பதற்குள் மான் தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, வீடு போய்ச் சேர்ந்துவிடும். விசையை இழுத்தால் பத்துக்கு ஒன்பது தடவை 'புஸ்' என்று புகைதான் வரும். முயல்கள் எல்லாம் அந்த 'புஸ்' கேட்ட பிறகுதான் நிம்மதியாக மேய உட்காரும்.

அப்படி இருந்த காட்டுக்கு ஒரு நாள் மைனா சேதி கொண்டுவந்தது. ஒண்டிமுத்து பழைய துப்பாக்கியைப் பரணில் போட்டுவிட்டானாம். டவுனில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் காசிம் ராவுத்தர் நாளைக்கு மூன்று துப்பாக்கியோடு வருகிறாராம். சுனைப்பக்கத்துப் பாறையில் வைத்துச் சுட்டுப் பார்த்து, மூன்றில் ஒன்றை ஒண்டிமுத்து எடுத்துக்கொள்வானாம். எதற்கு என்று கேட்டதற்கு மைனா கொஞ்சம் தயங்கியது. பிறகு, வான்கோழி சுடவும் நரி சுடவும் என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

பவளம் இறக்கையை இன்னும் அகலமாக விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது. நல்ல துப்பாக்கியாக ஒன்று அவன் கைக்குப் போய்விட்டால் இந்த நாலு நாளைத் தாண்டுவது எப்படி?

பொழுது சாய்வதற்குள் வீரணன் வந்துவிட்டது. அந்தக் காட்டுக் குள்ளநரிதான் வீரணன். மற்ற நாளாக இருந்தால் முட்டைக்குத்தான் வந்திருக்கும். இன்றைக்குப் புதருக்குப் பத்தடி தள்ளியே உட்கார்ந்துகொண்டது.

"என்ன தங்கச்சி, முகமெல்லாம் வாடிக் கிடக்கு?"

"உன்னை அண்ணன்னு கூப்பிடவேண்டிய காலமும் வந்திருச்சே, அதை நினைச்சுத்தான்" என்றது பவளம்.

வீரணன் சிரித்தது. இரண்டு பேரும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். குஞ்சு பொரிக்கும்வரை வீரணன் புதர்ப் பக்கம் வாய் வைக்கக்கூடாது. பவளத்துக்குக் கண் கூர்மை. அது புதருக்குள் இருந்தபடியே நடப்பதைப் பார்த்து வீரணனிடம் சொல்லவேண்டும். எப்படியாவது ஒண்டிமுத்து ஒரு உதவாக்கரைத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போகும்படி செய்யவேண்டும். எப்படி என்பதை மட்டும் வீரணன் சொல்லவில்லை. ஆனால் போகிற வழியில் உடும்பிடம் சொன்னது, முள்ளம்பன்றியிடம் சொன்னது, காட்டுப்பூனையை எழுப்பிச் சொன்னது: "நாளைக்கு ஒண்டிமுத்துவுக்குத் துப்பாக்கி பார்த்துக் கொடுக்கப்போறது நான்தான்."

மறுநாள் காலையில் ஆட்கள் வந்துவிட்டார்கள். ராவுத்தர் ஒரு பாக்குமட்டையில் கரித்துண்டால் வான்கோழித் தலை ஒன்றை வரைந்து, நாற்பது தப்படி தள்ளி மரத்தில் மாட்டினார். பவளம் புதருக்குள் இருந்து அதைப் பார்த்தது. மூக்கு கோணல், கண் ஒன்று மேலே ஒன்று கீழே. சுடப்போகிறார்கள் என்பதைவிட, தன்னை இப்படி வரைந்து வைத்திருக்கிறார்களே என்றுதான் அதற்கு முதலில் கோபம் வந்தது. நரிக்கு ஒரு சாக்கில் வைக்கோல் திணித்து வைத்திருந்தார்கள். அது நரி மாதிரியே இல்லை, தின்றுவிட்டுத் தூங்கும் பன்றி மாதிரி இருந்தது.

முதல் துப்பாக்கியை உறையில் இருந்து எடுத்ததுமே ஒண்டிமுத்துவின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. இரட்டைக் குழல். கட்டையில் தேன் நிறம். பக்கத்தில் வெள்ளித் தகட்டில் கொடியும் மயிலும். அதைத் தோளில் வைத்துப் பார்த்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். அடுத்த வாரம் மச்சினன் வீட்டுக் கல்யாணம் இருக்கிறது, இதோடு போய் நின்றால் எப்படி இருக்கும் என்று ராவுத்தரிடம் கேட்டான். துப்பாக்கியைக் கல்யாணத்துக்கு வாங்குகிறீர்களா, காட்டுக்கு வாங்குகிறீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இரண்டாவது, ஐந்து தோட்டாவை ஒரேயடியாக விழுங்கிக்கொண்டு, விசையை இழுக்க இழுக்கத் தானே ஒவ்வொன்றாகச் சுட்டுக் காலித் தோட்டாக் கூட்டைத் துப்பும் ரகம். அதிலும் ஒண்டிமுத்துவுக்கு ஆசை வந்தது.

மூன்றாவதுக்கு உறைகூட இல்லை. கறுப்புக் குழல், கட்டையில் நாலைந்து கீறல். ஒவ்வொரு வெடிக்கும் குழலுக்குக் கீழே இருக்கும் பிடியைக் கையால் பின்னே இழுத்து முன்னே தள்ளவேண்டும். ராவுத்தர் இதைத்தான் நிறையப் புகழ்ந்தார். வான்கோழிக்கு ரவை சிதறாமல் தலையில் போய் விழவேண்டும், நரிக்குப் பெரிய ரவையாகப் போடவேண்டும், குழல் வாயில் வளையத்தை மாற்றித் திருகிக்கொண்டால் இது இரண்டுக்கும் ஆகும், பனியோ சேறோ இதை ஒன்றும் செய்யாது என்று பொறுமையாகச் சொன்னார். ஒண்டிமுத்து தலையை ஆட்டினான். கண் மட்டும் வெள்ளி மயில் மேலேயே இருந்தது.

மூன்றையும் சுட்டுப் பார்த்தார்கள். மூன்றுமே பாக்குமட்டையைச் சல்லடையாக்கின. ஆனால் பவளம் வேறொன்றையும் கவனித்தது. வெள்ளித் துப்பாக்கியை ஒவ்வொரு தடவை மடக்கித் திறக்கும்போதும் ராவுத்தர் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு காய்ந்த இலைத்தூள் இடுக்கில் விழுந்ததற்கே அது மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் ஊதி ஊதி எடுத்தார். மூன்றாவதை மட்டும் அவர் துடைக்கவே இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. தோட்டாவை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, மூன்று துப்பாக்கிகளையும் மரத்தில் சாய்த்துவைத்துவிட்டு, இரண்டு பேரும் சுனைக்கு அந்தப் பக்கம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனார்கள். போகும்போது ஒண்டிமுத்து, மயிலையே எடுத்துக்கொள்கிறேன், கடைசியாக ஒரு வெடி வெடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னான். ராவுத்தர் பெருமூச்சு விட்டார்.

புதருக்குள் பவளத்துக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோனது. ஒரு பனி விழுந்தால் போதும், அந்த வெள்ளித் துப்பாக்கி வாயைத் திறக்காது. பழைய துப்பாக்கிக்கு அது தங்கச்சிதான்.

வீரணன் ஊர்ந்து வந்தது. பவளம் எல்லாவற்றையும் சொன்னது.

"அண்ணே, நம்ம வேலை முடிஞ்சுபோச்சு. அவனாவே உதவாததைப் பிடிச்சுக்கிட்டான். பேசாம போய்ப் படு."

வீரணனின் முகம் சுருங்கியது.

"நான் என்னத்தைச் செஞ்சேன்னு சொல்றது?"

"எதுக்குச் சொல்லணும்?"

"உடும்பு கேக்குமே. முள்ளம்பன்றி கேக்குமே. நான்தான் பார்த்துக் கொடுக்கப்போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. அவனே பார்த்துக்கிட்டான்னா நாளைக்கு எனக்கு என்ன மரியாதை?"

"மரியாதை இருக்கட்டும், உனக்குத் தோல் வேணுமா வேண்டாமா?"

வீரணன் கேட்கிற நிலையில் இல்லை. சும்மா படு என்பதுதான் அதற்கு ஆகவே ஆகாத யோசனை. நேராக மரத்தடிக்குப் போனது. துப்பாக்கிகளுக்குப் பின்புறம் காட்டி நின்றுகொண்டு பின்னங்கால்களால் சுனை மணலை வாரி வாரி இறைத்தது. வெள்ளித் துப்பாக்கி மேல் ஒரு பங்கு, விழுங்குகிற துப்பாக்கி மேல் ஒரு பங்கு, கறுப்புத் துப்பாக்கி மேல் ஒரு பங்கு. ஓரவஞ்சனை இல்லாமல் மூன்றுக்கும் மணல் குளியல். பவளம் புதருக்குள் இருந்து 'வேண்டாம், வேண்டாம்' என்று தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தது. வீரணனுக்கு அது கைதட்டல் மாதிரி கேட்டது. வேலை முடிந்ததும் மேட்டில் ஏறி, ஒரு கல்லுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துகொண்டது.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். காற்று மணலை அடித்துவிட்டது போலிருக்கிறது என்றார் ராவுத்தர். ஒண்டிமுத்து வெள்ளித் துப்பாக்கியைத் தட்டிவிட்டு, தோட்டா போடுவதற்காக மடக்கினான். 'நறுக்' என்றது. அதோடு சரி. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. முழங்காலில் வைத்து அழுத்திப் பார்த்தான். மயில் அப்படியே தோகை விரித்து நின்றதே தவிர, துப்பாக்கி அசையவில்லை.

மேட்டில் வீரணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இரண்டாவதை எடுத்தான். முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது தோட்டா பாதி வழியில் சிக்கிக்கொண்டது. சோற்றுப் பருக்கை மூச்சுக்குழலில் போன ஆள் மாதிரி அந்தத் துப்பாக்கி விழித்தது. வீரணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்லுக்குப் பின்னால் இருப்பதை மறந்து எழுந்து நின்றுவிட்டது.

பவளம் மட்டும் சிரிக்கவில்லை. ராவுத்தரின் கை எங்கே போகிறது என்று அது பார்த்துக்கொண்டிருந்தது.

ராவுத்தர் கறுப்புத் துப்பாக்கியை எடுத்தார். கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். பிடியை இழுத்தபோது மணல் 'கர்ர்ர்' என்று அரைபட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. தோட்டாவைப் போட்டு, சாக்கு நரியைக் குறிபார்த்து விசையை இழுத்தார். வெடித்தது. மறுபடி கர்ர்ர், மறுபடி வெடி. மறுபடியும். வைக்கோல் நாலு பக்கமும் பறந்தது.

ஒண்டிமுத்துவின் முகம் மாறிப்போனது. வெள்ளித் துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"பாய், நல்லவேளை. கல்யாணத்துக்குப் போய் மச்சினன் முன்னால சிக்கியிருந்தா என் மானம் போயிருக்கும்."

"அப்போ இதுவா?"

"இதேதான். மணல் குளிச்சுட்டும் பேசுதே!"

அப்போதுதான் மேட்டில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்த நரி அவன் கண்ணில் பட்டது. கறுப்புத் துப்பாக்கி அவன் தோளுக்கு ஏறியது. வீரணன் பழக்கத்தில் 'புஸ்'ஸுக்காகக் காத்திருந்தது. புஸ் வரவில்லை. தலைக்கு மேலே இருந்த கிளை முறிந்து, இலையும் குச்சியும் அதன் முதுகில் கொட்டின. அடுத்த வெடிக்கு வீரணன் அங்கே இல்லை. ஓடிற்று, ஓடிற்று, ஊசிப்பாறையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, பெயர் தெரியாத மலையெல்லாம் தாண்டி ஓடிற்று. வழியில் உடும்பு, "என்ன அண்ணே, துப்பாக்கி பார்த்துக் கொடுத்தாச்சா?" என்று அக்கறையாகத்தான் கேட்டது. பதில் சொல்ல வீரணனுக்கு மூச்சில்லை.

ஒண்டிமுத்து நரியைத் துரத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்தான். ஈச்சம்புதரை உரசிக்கொண்டுதான் வழி. புதுத் துப்பாக்கியின் சூடு பவளத்தின் இறகில் பட்டது. எழுந்து பறக்கச் சொல்லி இறக்கை கெஞ்சியது. பவளம் அசையவில்லை. எவ்வளவு நல்ல துப்பாக்கியானாலும், கண்ணில் பட்டதைத்தானே சுடும்? கண்ணை மூடி, கழுத்தைச் சருகோடு சருகாகத் தாழ்த்தி, மண்ணாங்கட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. செருப்புச் சத்தம் புதரைத் தாண்டிப்போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பியும் போனது. ஒண்டிமுத்துவுக்கு மச்சினனிடம் காட்டும் அவசரம். கல்யாணம்வரை பொறுக்காமல் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான்.

நாலாம் நாள் காலையில் முதல் முட்டையில் ஒரு கீறல் விழுந்தது. உச்சிப்பொழுதுக்குள் பதினொரு குஞ்சும் வெளியே வந்து, ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு கத்தின. முட்டை தின்னும் நரியும் இல்லை, சுடுகிற ஆளும் ஊரில் இல்லை. பவளம் அவற்றை ஆற்று மணல்திட்டு வழியாக வரிசையாக நடத்திக் கூட்டிப்போனது. கடைசிக் குஞ்சு பாதி ஆற்றில் நின்று தவளையோடு சண்டை போட்டது. அதையும் ஒரு அதட்டல் போட்டுக் கூட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேரும் அக்கரை ஏறினார்கள்.

தானாக நல்லபடி நடந்துகொண்டிருக்கும் காரியத்தில், பேர் வாங்குவதற்காகக் கை வைப்பவன் அந்தக் காரியத்தையும் கெடுத்துத் தன்னையும் கெடுத்துக்கொள்வான்.