பிள்ளை பெயரில் வைத்த பனை

மலைமேல் இருந்த கன்னியர் மடத்தில் சிஸ்டர் இவாஞ்சலின் என்பவர் தோட்டம் பார்த்து வந்தார். உறைபனியிலும் சாகாத விசிறி ஓலைப் பனையை வளர்க்கத் தெரிந்தவர் அந்தப் பக்கம் அவர் ஒருவர்தான். முன்கோபக்காரர் என்று தெரிந்தும் பெண்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வருவார்கள்.

அவர்களில் ஒருத்தி ரூபி. பிறந்த பிள்ளையின் பெயரில் மரம் வைப்பது அவள் வீட்டு வழக்கம். மகள் பிறந்த மாதமே சிஸ்டரிடம் ஒரு கன்று வாங்கிப் போனாள்.

தை மாதத்தில் ஒரு காலை, பழுத்த ஓலை ஒன்றோடு மடத்துக்கு வந்து நின்றாள். குளிர் தாங்கும் என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள் என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஜெபத்துக்குப் போன கன்னியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிஸ்டர் அரிவாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தார்.

தோட்டத்தில் பனையே தெரியவில்லை. பிளாஸ்டிக் தாள், அதன்மேல் சாக்கு, அதற்கும்மேல் மகளின் கம்பளி. எல்லாவற்றையும் இறுக்கி ஒரு கயிறு. கார்த்திகையில் கட்டியதாம்; அந்தப் பழுத்த ஓலையும் கட்டுக்கு அடியிலிருந்து உருவியதாம். வெயில் அடிக்கும் பகலில்கூட அவிழ்க்கவில்லையா என்று கேட்டார். பகலை நம்பி விடமுடியுமா என்று எரிந்து விழுந்தாள்.

சிஸ்டர் கயிற்றை அறுத்தார். உள்ளிருந்து தண்ணீர் வடிந்தது, புளித்த நாற்றம். நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. அடி கொழகொழவென்று அழுகியிருந்தது.

ரூபி அந்தக் குருத்தை வாங்கிப் பார்த்தாள். "செத்துப்போச்சா?"

சிஸ்டர் குருத்து இருந்த குழியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆழத்துல இன்னும் கெட்டியாத்தான் இருக்கு. காத்து பட்டா பொழைக்கலாம்."

அதைக் கேட்டதுமே ரூபி குனிந்து சாக்கை எடுத்தாள். இன்று ராத்திரியும் பனி விழும், திறந்து போடமாட்டேன் என்றாள். சிஸ்டர் மறுமுனையைப் பிடித்தார். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"விடுங்க சிஸ்டர். பெத்திருந்தா தெரியும் உங்களுக்கு."

சிஸ்டரின் முகம் சிவந்தது. சாக்கை மட்டும் விடவில்லை.

"பனி கொன்னா மடத்துக்கு வந்து என்னைத் திட்டு. நின்னு கேட்டுக்கிறேன். நீ கொன்னா யாரைப் போய்த் திட்டுவே?"