எதிர்க்கடை மணி

சங்கரன்கோவிலில் ஆவுடையப்பன் என்று ஒரு கண்ணாடிக் கடைக்காரர். வெறும் கண்ணாடி விற்கிறவர் இல்லை, கண்ணைச் சோதித்துப் பவர் எழுதத் தெரிந்தவர். நாற்பதை நெருங்கும் வயதில் பாளையங்கோட்டைக்குப் போய், அரும்புமீசைப் பையன்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவர். அவருக்குப் பாடம் நடத்திய பியூலா டீச்சர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். டீச்சர் மாணவரை 'அண்ணாச்சி' என்பார். மாணவர் டீச்சரைக் கண்டால் எழுந்து நிற்பார். பையன்கள் சிரித்தார்கள். இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆவுடையப்பன் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. மாமனாரையே எதிர்த்துப் பேசியவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பேர்ப்பட்டவரை ஒரு மணி பயமுறுத்தியது.

எதிர் வரிசையில் புதிதாக ஒரு கண்ணாடிக் கடை வந்தது. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய கடை. திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டினார்கள், குழாய் ரேடியோ வைத்துப் பாட்டுப் போட்டார்கள். கண் பரிசோதனை இலவசம், ஒரு கண்ணாடி வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். கண்ணை வைத்து எடுப்பதற்குள் பவரைச் சொல்லும் ஒரு மெஷின் வேறு. யாராவது அந்தக் கதவைத் தள்ளினால் உள்ளே ஒரு மணி அடிக்கும். டிங்.

முதல் நாள் அதை ஆவுடையப்பன் காதால் கேட்டார். பிறகு வயிற்றால் கேட்டார். வீட்டில் டம்ளரில் கரண்டி பட்டாலும் திடுக்கிட்டுத் திரும்பினார். வாசலுக்கு முதுகு காட்டிக் கிடந்த தன் நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். வேலை என்னவோ அவர் கடையில்தான், காவல் எல்லாம் எதிர்க்கடைக்கு.

ஒருநாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் உலகநாதன் எதிர் வரிசையில் போனார். காலம்காலமாக ஆவுடையப்பனிடம் கண்ணாடி போட்டவர். வாத்தியார் குடையை இந்தப் பக்கம் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார். நடுவில் ஒரு லாரி வந்து மறைத்தது. அந்தப் பக்கம் டிங்.

"வாத்தியாரும் போயிட்டாரு" என்று ஆவுடையப்பன் வாய்விட்டுச் சொன்னார். கேட்க யாரும் இல்லை.

அந்த வாரமே எதிர்க்கடை மேனேஜர் ஒரு ஸ்வீட் பெட்டியோடு தெருவைத் தாண்டி வந்தார். கழுத்தில் அட்டை, வாயில் மரியாதை.

"உங்களை மாதிரி அனுபவசாலி எங்களுக்கு வேணும் சார். கடையை மூடிட்டு எங்ககூட வந்துருங்க. அவசரம் இல்ல. திங்கக்கிழமை வந்து முடிவு கேட்டுக்கிறேன்."

அவர் போன பிறகும் ஆவுடையப்பன் பெட்டியைத் திறக்கவில்லை. கடையை வைத்துக்கொண்டிருந்தால் ஈ ஓட்டித்தான் சாக வேண்டும் என்று பயம். அங்கே போனால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவு வழியே பூட்டிக் கிடக்கும் தன் கடையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டுமே என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவே சோறு இறங்கவில்லை.

பயந்தவனுக்குப் புத்தி வேகமாக வேலை செய்யும், நேராக வேலை செய்யாது. அவர்கள் சட்டென்று முடிக்கிறார்கள், நாமும் சட்டென்று முடித்தால் என்ன என்று ஆவுடையப்பன் நினைத்தார். மினி பஸ் ஓட்டும் கொம்பையா வந்தபோது அப்படித்தான் செய்தார். கொம்பையா இளவட்டம், இருபத்தைந்துக்குள் இருப்பான். கனத்த வட்டச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு எடுத்தார்.

"இப்ப?"

"தெரியுது அண்ணாச்சி."

"இப்ப?"

"நல்லா இருக்கு."

எதிரே டிங். ஆவுடையப்பன் தெருவை எட்டிப் பார்த்தபடியே அடுத்த லென்ஸைப் போட்டார்.

"இப்ப?"

"கறுகறுன்னு தெரியுது அண்ணாச்சி. சூப்பர்."

அதையே எழுதிக் கண்ணாடியும் செய்து கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரால் தாங்க முடியவில்லை. பியூலா டீச்சருக்குப் போன் போட்டார்.

"டீச்சர், கடையை மூடிரலாம்னு இருக்கேன்."

டீச்சர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருவில் நின்று எதிர்க்கடையை ஒருமுறை பார்த்தார், பிறகு இந்தக் கடையைப் பார்த்தார். உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஆவுடையப்பன் வழக்கம்போல எழுந்து நின்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி. இது வகுப்பு இல்ல."

அவர் உட்காரவில்லை. மனதில் கிடந்ததை எல்லாம் கொட்டினார். மணியைச் சொன்னார், மெஷினைச் சொன்னார், வாத்தியார் குடையைச் சொன்னார், மேனேஜர் இன்றைக்கு வரப்போவதைச் சொன்னார்.

"அவங்க மெஷின் பொய் சொல்லும்னு சொல்லுங்க டீச்சர். ஆறுதலா இருக்கும்."

"நல்ல மெஷின் அண்ணாச்சி. எங்க காலேஜ்லயும் ஒண்ணு இருக்கு."

"அங்க சரியாப் பாக்க மாட்டாங்கன்னாவது சொல்லுங்க."

"என்கிட்ட படிச்ச ரெண்டு பேரு இந்தக் கடையோட திருநெல்வேலிக் கிளையில இருக்காங்க. நல்லாத்தான் பாக்காங்க."

ஆவுடையப்பனுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பிடியும் விட்டுப்போனது.

"அப்ப இந்தப் பயத்தை நான் என்ன செய்ய டீச்சர்?"

"முதல்ல ஒரு காப்பி சொல்லுங்க."

காப்பி வருவதற்கு முன்னால் கொம்பையா வந்தான். கண்ணாடி மூக்கில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது. முகம் செத்திருந்தது.

"அண்ணாச்சி, கண்ணாடி போட்டா எல்லாம் கறுகறுன்னுதான் தெரியுது. ஆனா பொழுதடைஞ்சா மண்டை பொளக்கு."

"பழகணும்லா. பழகிரும்" என்றார் ஆவுடையப்பன்.

"அது மட்டும் இல்ல அண்ணாச்சி. ரோடு, ஆளு எல்லாம் சின்னதாத் தெரியுது. நேத்து வளைவுல ஒரு பொம்பள தண்ணிக்கொடத்தோட போனா. தூரமாத்தான் இருக்கான்னு நினைச்சேன். பிரேக்கை மிதிக்கதுக்குள்ள கொடம் பம்பர்ல இடிச்சு உடைஞ்சிருச்சு."

"அந்தப் பொம்பளைக்கு?"

"ஒண்ணும் இல்ல. நனைஞ்சிட்டா. ஏசு ஏசுன்னு ஏசினா. வண்டி நிறையச் சின்னப் பிள்ளைக அண்ணாச்சி. அதோட கண்ணாடியைக் கழட்டிட்டேன்."

ஆவுடையப்பன் கை நீட்டி அந்தக் கண்ணாடியை வாங்கிக்கொண்டார். இத்தனை நாள் அவர் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது. இது வேறு. அந்தப் பெண் ஒரு எட்டு இந்தப் பக்கம் வைத்திருந்தால்?

டீச்சர் எழுந்தார். "அண்ணாச்சி, நான் பாக்கட்டுமா?"

கொம்பையாவை உட்கார வைத்தார். சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை மறைத்து, இன்னொரு கண்ணுக்கு முன்னால் முதலில் ஒரு லென்ஸ் போட்டார்.

"ஐயையோ, ஒண்ணுமே தெரியல! எல்லாம் மங்கிப் போச்சு!" கொம்பையா நாற்காலிக் கையை இறுகப் பிடித்தான்.

"மங்கட்டும். நான்தான் மங்க வச்சேன். எழுத்தைப் பிடிக்கப் பாக்காதீங்க. சும்மா இருங்க."

"பயமா இருக்கு டீச்சர்."

"கண்ணு பயந்துபோய்க் கிடக்கு. அது முறுக்கை விடுத வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

எதிரே டிங் அடித்தது. ஆவுடையப்பனின் தலை தானாகத் திரும்பியது. டீச்சரின் தலை திரும்பவில்லை. காப்பி வந்தது, ஆடை படிந்தது. கொம்பையாவின் கை கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியை விட்டது. டீச்சர் மங்கலை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார். எழுத்துகள் மேலிருந்து ஒவ்வொரு வரியாக வந்தன. கடைசிக்கு முந்தின வரியை அவன் தடுமாறாமல் வாசித்தான்.

டீச்சர் இன்னொரு லென்ஸை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"இப்ப?"

"ஆ, இன்னும் தெளிவா இருக்கு!"

"நல்லாத் தெரியுதா, இல்ல சின்னதாக் கறுப்பாத் தெரியுதா?"

கொம்பையா கண்ணைச் சுருக்கினான். தலையை முன்னால் நீட்டினான்.

"அடுத்த வரியை வாசிங்க."

"முடியல." கொஞ்சம் யோசித்தான். "முன்னாடி வாசிச்சதைத்தான் வாசிக்க முடியுது. எழுத்து சின்னதாப் போச்சு. கறுப்பாப் போச்சு. அவ்வளவுதான்."

டீச்சர் அந்த லென்ஸை எடுத்துப் பெட்டியில் போட்டார். "பவர் கூடிப்போனா இப்படித்தான். தெளிவு மாதிரி ஏமாத்தும், கண்ணு முறுக்கிக்கிட்டுக் கிடக்கும்."

ஆவுடையப்பன் சுவரோடு சாய்ந்து நின்றார். பாளையங்கோட்டை வகுப்பில், முதல் வாரத்தில், நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதிய கேள்வி, 'சின்னதாக் கறுப்பாத் தெரியுதா?' என்பது. கடை தொடங்கிய நாளிலிருந்து ஒருவரிடம்கூட அதைக் கேட்காமல் விட்டதில்லை. மணி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் விட்டிருக்கிறார்.

அடுத்த கண்ணையும் அப்படியே பார்த்துவிட்டு, புதுப் பவரை டீச்சர் எழுதினார். பழையதில் பாதிதான் இருந்தது.

"சாயந்திரமே மாத்தித் தாரேன் கொம்பையா" என்றார் ஆவுடையப்பன். "தப்பு என்னோடது. அது வரைக்கும் வண்டியை எடுக்காத."

"அட விடுங்க அண்ணாச்சி. மாத்து டிரைவர் ஓட்டுவான்." கொம்பையா வாசல்வரை போய்த் திரும்பினான். "சொல்ல மறந்துட்டேன். உலகநாதன் வாத்தியார் உங்களை விசாரிச்சாரு. கண்ணுல புரை எடுத்திருக்காங்க. வெயில்ல கண்ணு கூசுதாம், குடையும் கையுமாத்தான் அலையுதாரு. அந்தா எதிர்க்கடையை ஒட்டி இருக்க மெடிக்கலுக்குத்தான் சொட்டு மருந்துக்கு வாராரு. பாக்கலையா நீங்க?"

"பாத்தேன்" என்றார் ஆவுடையப்பன்.

கொம்பையா போனான். டீச்சர் ஆறிப்போன காப்பியைக் குடித்தார். ஆவுடையப்பன் அவர் எதிரே வந்து நின்றார்.

"இதுக்குத்தான் டீச்சர் சொல்லுதேன். வாத்தியார் ஒருத்தர் போகலைன்னா ஆச்சா? மத்தவங்க எல்லாம் போறாங்களே. நீங்க சொல்லிக் கொடுத்த முதல் கேள்வியையே விட்டுட்டேன். ஒரு பொம்பள செத்திருப்பா. இனி நான் எந்த மூஞ்சியோட கடையைத் திறக்க?"

டீச்சர் இன்னொரு வாய் குடித்தார்.

"ஐப்பசி பிறக்கதுக்குள்ள இந்தத் தெருவுல ஒரு ஆளுகூட என் படி ஏற மாட்டாங்க. தீபாவளிக்கு அவங்க இன்னொரு இலவசம் போடுவாங்க. நான் வாடகை கொடுக்க முடியாம நிப்பேன். அப்புறம் அங்க போய் வேலை கேட்டாலும் கொடுக்க மாட்டாங்க. அதுக்கு இன்னைக்கே சரின்னு சொல்லிருதது நல்லது."

எதிர்க்கடைக் கதவு திறந்தது. டிங். மேனேஜர் வெளியே வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு ஆட்டோ போவதற்காகத் தெருவோரம் நின்றார்.

"அந்தா வந்துட்டாரு." ஆவுடையப்பன் திறக்காத ஸ்வீட் பெட்டியைக் கையில் எடுத்தார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் டீச்சர். நான் நல்லா யோசிச்சுட்டேன். கடைசி வரைக்கும் என்ன நடக்கும்னு எனக்குத் தெளிவாத் தெரியுது."

பியூலா டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லாத் தெரியுதா அண்ணாச்சி, இல்ல சின்னதாக் கறுப்பாத் தெரியுதா?"

ஆவுடையப்பன் கொம்பையாவைப் போலவே தலையை முன்னால் நீட்டித் தெருவைப் பார்த்தார். மேனேஜர் வந்து கதவைத் தட்டினார். "கொஞ்சம் இருங்க" என்றார் ஆவுடையப்பன்.