மினுக்கி இரவல் வாங்கிய முள்

அந்தக் காலத்தில் மீனும் பேசும், முள்ளும் பேசும். காது கொடுக்கத்தான் ஆள் குறைவு. அப்போது காளத்தி என்று ஒருவன் கடலில் சங்கு குளித்துப் பிழைத்தான். கடலுக்கடியில் பவளப்பாறையைச் சுற்றிக் கூட்டமாக மின்னுகிற ஆரஞ்சு மீன்களைப் பார்த்து அவனுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு கூட்டத்தை அப்படியே வலையில் அள்ளி வந்து, வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் மணலும் பாறையும் போட்டு, கடல் தண்ணீர் நிரப்பி விட்டான். கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. வந்தது, அவ்வளவுதான். இன்று வண்ணமீன் கடைக்காரர்கள் ஆந்தியாஸ் என்று விற்கிறார்களே, அந்த மீன்கள்தான்.

அந்தக் கூட்டத்தில் ஆண் ஒன்றே ஒன்று. பெயர் கொம்பன். மற்றதெல்லாம் பெண்கள். பெண்களில் பெரியவள் மினுக்கி.

இந்த மீன்களுக்கு அப்போது ஒரு முறை இருந்தது. ஆண் மீனின் முதுகில் நீளமாக ஒரு முள் நிற்கும். அதற்குப் பெயர் கொடி. ஆண் மேலே நின்று, தங்களைத் தின்கிற பெரிய மீன் எதுவும் வரவில்லை என்று பார்த்துவிட்டுக் கொடியைத் தூக்குவான். உடனே பெண்கள் பாறை இடுக்கிலிருந்து வந்து வயிறு முட்டத் தின்பார்கள். ஒரு நாளுக்கு ஒரு தரம். கொடி ஏறாமல் வாய் திறந்தவளைக் கூட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். ஆண் செத்துப்போனால் பக்கத்துப் பாறைக்குப் போய் இன்னொருவனைக் கூட்டி வருவார்கள். கடலில் இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. தொட்டியில் பக்கத்துப் பாறைக்கு எங்கே போவது?

கொம்பனுக்குத் தொட்டியே பிடிக்கவில்லை.

"எவன்டி அவன்? நான் கொடி தூக்கினா அவனும் தூக்குறான்!" என்று கண்ணாடியை முட்டினான்.

"அது உங்கள மாதிரிதான் இருக்கு மச்சான்" என்றாள் மினுக்கி.

"நானா? நான் இங்கல்ல இருக்கேன்?"

மினுக்கிக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பின்பக்கமாகப் போய் அவனைப் பிடிக்கிறேன் என்று கொம்பன் தொட்டிக்கு மேலே ஒரு துள்ளு துள்ளினான். பின்பக்கம் வெறும் தரை. காளத்தி கடலிலிருந்து திரும்பியபோது கொம்பன் காய்ந்து கிடந்தான்.

மறுநாள் காளத்தி ஒரு கை கூனி இறாலை அள்ளிப் போட்டான். ஒருத்தியும் வரவில்லை.

"தின்னுங்களேன்!"

"கொடி ஏறல" என்றது ஒரு குரல் பாறைக்குள்ளிருந்து. அது சுண்டி.

"என்ன கொடி?"

"கொம்பன் மச்சான் தூக்குவாரே, அது."

"அவன்தான் செத்துட்டானே!"

"அதான் ஏறல."

காளத்தி தலையைச் சொறிந்துகொண்டு சங்கு குளிக்கப் போய்விட்டான். போட்ட கூனி அடியில் கிடந்து அழுகியது. அடுத்த நாளும் இதே கதை. தண்ணீர் நாறியது. பெண்களின் வயிறு முதுகோடு ஒட்டியது. கூட்டத்திலேயே சின்னவள் பொடிச்சி நீந்த முடியாமல் மணலில் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டாள்.

பொடிச்சியைப் பார்த்ததும் மினுக்கிக்குப் பொறுக்கவில்லை. நேரே மேலே போனாள்.

"நான் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. வாங்க, தின்னுங்க."

"கொடி எங்கக்கா?" என்றாள் சுண்டி.

"கொடி இல்லாட்டி என்னடி? இந்தத் தொட்டியில பெரிய மீனே கெடையாது."

"பெறகு எதுக்குப் பாத்தே?"

மினுக்கிக்குப் பசி வேறு. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. தொட்டியின் மூலையில் முள்ளாண்டி என்ற கடல் முள்ளெலி, உருண்டையாக, உடம்பெல்லாம் கறுப்பு முள்ளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மினுக்கி அதனிடம் போனாள்.

"மாமா, ஒரு முள்ளு குடு."

"எதுக்கு?"

"பொய் சொல்றதுக்கு."

முள்ளாண்டி சிரித்தது. "இப்படிக் கேட்டா எப்படி இல்லைங்கறது? ஆனா இரவல்தான் புள்ள. புது ஆம்பள வந்ததும் திருப்பித் தந்துரணும்."

"தந்துர்றேன்."

மினுக்கி அந்த முள்ளை முதுகுச் செதிலில் செருகிக்கொண்டு, காளத்தி கூனி போட்டதும் மேலே போய் நிமிர்த்தினாள். அவ்வளவுதான், எல்லாரும் பாய்ந்து வந்தார்கள். அது கறுப்பா சிவப்பா என்று ஒருத்தியும் பார்க்கவில்லை. பசி அப்படி. ஆளுக்கு ஒரு வாய் தின்றிருப்பார்கள், முள் ஆடிச் சாய ஆரம்பித்தது. விழுந்தால் மானம் போகும். மினுக்கி சட்டென்று மடக்கினாள். எல்லாரும் பாறைக்குள் ஓடினார்கள். சரியாகச் செருகிக்கொண்டு மறுபடி தூக்கினாள். ஒரு வாய். மறுபடி சாய்ந்தது. மறுபடி மடக்கினாள்.

"என்னக்கா இது, வாய்க்கு ஒரு தரம் எறக்குறே?"

"ஏதோ நெழல் தெரிஞ்சுதுடி."

நாள் பூரா இப்படியே போனது. காளத்தி பார்த்தான். மொத்தமாகக் கொட்டினால் ஒரு வாய் போக மிச்சமெல்லாம் அடியில் அழுகுகிறது. அதனால் கிள்ளிக் கிள்ளிப் போட ஆரம்பித்தான்.

"நாள் பூரா இங்கயே நின்னா சங்கு யாரு எடுக்கறது, உங்கப்பனா?" என்று கத்தினான். கத்திக்கொண்டே இன்னொரு கிள்ளு போட்டான். கடலில் சும்மா கிடந்ததுகளைக் கொண்டு வந்தவன் அவன்தானே.

பொடிச்சி எழுந்து நீந்தினாள். எல்லார் வயிறும் ஒரு வாய்க்குத் தக்கபடி சுருங்கிவிட்டது. கூட்டம் பிழைத்துக்கொண்டது.

குழம்பிப்போனவள் மினுக்கி மட்டும்தான். இல்லாத பெரிய மீனை அவள் நிஜமாகவே தேட ஆரம்பித்தாள். ஏன் தேடுகிறோம் என்று தெரியவில்லை, தேடாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு நாள் கண்ணாடிக்குள் ஊதா கலந்த சிவப்பில் ஒருவன் நின்று முறைத்தான். 'எவன்டி அவன்?' என்று வாய் வரை வந்துவிட்டது. படக்கென்று மூடிக்கொண்டாள். கொம்பன் எப்படிச் செத்தான் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

அந்தச் சமயம் காளத்தி கடலிலிருந்து புது ஆண் ஒன்றைப் பிடித்து வந்து தொட்டியில் விட்டான். முரடன்.

"இங்க கொடி யாரு?" என்றான் முரடன்.

எல்லாரும் மினுக்கியைப் பார்த்தார்கள்.

"நான் சும்மா... இது இரவல்" என்றாள் மினுக்கி. சொல்லும்போதே யாரோ தன்னைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. ஆனாலும் வாக்கு வாக்குதான். முள்ளாண்டியிடம் போய்ப் பாறையில் முதுகைத் தேய்த்தாள். முள் வரவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். உயிர் போகிற வலி. ரத்தம் கசிந்தது.

"நிறுத்து புள்ள!" முள்ளாண்டி ஊர்ந்து வந்து தடவிப் பார்த்தது. "இது என் முள்ளு இல்ல. என்னுது கறுப்பு. இது செவப்பு."

"அப்ப உன்னுது எங்க?"

"என்னைக் கேக்குறே?"

தேடினார்கள். பொடிச்சிதான் மணலுக்குள்ளிருந்து ஒரு கறுப்பு முள்ளை இழுத்து வந்தாள். அதன் மேல் பச்சையாகப் பாசி.

"இது விழுந்து ரொம்ப நாளாச்சு" என்றது முள்ளாண்டி.

"அப்ப இத்தன நாளா நான் எதத் தூக்கினேன்?"

எப்போது விழுந்தது, எப்போது முளைத்தது, எப்போது பொய் முடிந்தது, மினுக்கி எவ்வளவு யோசித்தும் அந்த இடம் அகப்படவே இல்லை.

முரடனுக்குப் பொறுமை இல்லை. "தள்ளு" என்று மேலே போய்த் தன் கொடியைத் தூக்கினான். கடலில் தூக்குகிற மாதிரி, ரொம்ப நேரம். பெண்கள் வந்தார்கள். ஒரு வாய் தின்றார்கள். பாறைக்குள் ஓடினார்கள்.

"ஏய்! நான் இன்னும் எறக்கலையே, ஏன் ஓடுறீங்க?"

"ஒரு வாய் ஆச்சே" என்றாள் சுண்டி.

"வயிறு முட்டத் தின்னுங்க!"

"முட்டிருச்சு."

முரடன் கொடியை விறைத்தபடி தனியாக நின்றான். அப்போது மினுக்கி தன்னை அறியாமல் தன் கொடியைத் தூக்கிவிட்டாள். எல்லாரும் வெளியே வந்தார்கள். முரடன் அவள் மேல் பாய்ந்தான், அவளும் பாய்ந்தாள். தொட்டியே கலங்கிப்போனது. கடைசியில் வால் கிழிந்த முரடன் கண்ணாடியை முட்டிக் கத்தினான்.

"யோவ் காளத்தி! என்னைக் கொண்டுபோய்க் கடல்ல விடு. இதுங்களுக்கு ஒரு கொடி போதும்!"

காளத்தி கொண்டுபோய் விட்டான். முரடன் வாய் சும்மா இருக்குமா? பார்த்ததையெல்லாம் பாறை பாறையாகச் சொல்லிக்கொண்டே போனான். கேட்ட பெண் மீன்களெல்லாம் ஒரு தரம் தங்கள் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டன.

தொட்டியில் பொடிச்சி மெதுவாக வந்து கேட்டாள். "இனிமே உன்னை அக்கான்னு கூப்பிடவா, அண்ணன்னு கூப்பிடவா?"

"தெரியலடி. கூனி விழுது பாரு. மொதல்ல தின்னு."

ஆந்தியாஸ் கூட்டத்தில் ஆண் செத்துவிட்டால் பெண்களில் பெரியவள் நிறம் மாறி, முதுகில் முள் நீண்டு, தானே ஆணாகிவிடுவது அன்று முதல்தான். வீட்டில் அதை வளர்க்கிறவர்கள் கூட்டத்துக்கு ஒரே ஆணை விட்டு, துள்ளி வெளியே விழாமல் தொட்டியை மூடி, வேறு வேலை பார்க்க முடியாமல் கிள்ளிக் கிள்ளித் தீனி போட்டுக்கொண்டு நிற்பதும் அன்று முதல்தான். ஆணாகிப்போன அந்த மீனோ, கண்ணாடி அருகே வரும்போதெல்லாம் சற்று நின்று உள்ளே இருப்பது யார் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது.